மக்களின் மைந்தர்: எகிப்திய நாவலாசிரியை ரீம் பஸ்யூனி

கைரோ நகரத்துக் கோட்டையின் அடிவாரத்திலே சுல்தான் ஹஸன் பள்ளிவாசல் நிற்கின்றது. அது 1356ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று, ஏறக்குறைய ஏழாண்டுக் காலத்திற் கட்டப்பெற்றது. அதன் தலைவாயில் மாத்திரமே ஏறத்தாழ 38 மீட்டர் உயரமுடையது. இஸ்லாமியச் சட்ட நெறிகள் நான்கினுக்கும் நான்கு கல்லூரிகளை அதனுள்ளே அமைத்தனர். அதனைக் கட்டுவித்த மன்னனின் பெயரை உலகம் அறியும். ஆனால், அதனை நின்று கட்டியவர் யார் என்பதை ஆறு நூற்றாண்டுகளாக எவரும் அறிந்திலர். 1944ஆம் ஆண்டிலே ஹஸன் அப்துல் வஹ்ஹாப் என்னும் எகிப்திய ஆராய்ச்சியாளர், உள்ளேயிருந்த கல்லூரியொன்றின் சுதைச் சாசனத்தைப் படித்தபொழுது ஒரு பெயர் வெளிப்பட்டது. 'முஹம்மத் இப்னு பைலிக் அல்முஹ்ஸினி' என்பது அப்பெயர். கட்டட வேலையை மேற்பார்த்தவர் அவர்; கட்டடக் கலைஞரும் அவரே எனப் பலர் கொள்வர்.

நேயர்களே, இப்பெயரைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். முஹம்மத் என்பது அரபுப் பெயர். தந்தையின் பெயராகிய பைலிக் என்பதோ துருக்கியர் வழங்கும் பெயர். ஒரே பெயருக்குள்ளே இரண்டு மொழிகள் இருக்கின்றன. தந்தை அந்நியர், மைந்தர் அந்நாட்டவர் என்ற செய்தியை அப்பெயரே நமக்குச் சொல்லிவிடுகின்றது. இவ்வகை மைந்தர்களைப் பற்றிப் பெருநாவல் ஒன்றை எழுதியவரே இன்றைய பேச்சுக்குரிய எகிப்திய எழுத்தாளர், பேராசிரியை ரீம் பஸ்யூனி. அவர் தொழிலால் மொழியியலாளர். மொழியைக் கொண்டு மனிதரை ஆராயும் ஒருவர் எகிப்திய வரலாற்றினுட் புகுந்து கதை எழுத வந்தது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பஸ்யூனி அம்மையார் 1973ஆம் ஆண்டிலே அலெக்சாந்திரியாவிற் பிறந்தார். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றபின் இங்கிலாந்து சென்று, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் மொழியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இங்கிலாந்திலும், பின்னர் அமெரிக்காவிலே யூட்டா, ஜோர்ஜ்டவுன் ஆகிய பல்கலைக்கழகங்களிலும் கற்பித்துவிட்டுத் தாயகம் மீண்டு, கைரோவிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலே மொழியியற் பேராசிரியையானார். பட்டங்களையும் பதவிகளையும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருளே நமக்கு முக்கியமானது.

அரபு மொழிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று 'புஸ்ஹா' எனப்படும் செவ்வழக்கு. குர்ஆனின் மொழியை அடியொற்றியது. நூல், செய்தித்தாள், சட்டம், தொழுகை மேடை ஆகியவற்றுக்கு உரியது. மற்றையது 'ஆம்மிய்யா' எனப்படும் பேச்சு வழக்கு. வீட்டிலும் தெருவிலும் கடையிலும் வழங்குவது. குழந்தை தாயின் மடியிலே கற்பது பேச்சு வழக்கை. செவ்வழக்கைப் பள்ளிக்கூடத்துக்குச் சென்றே கற்கின்றது. சார்ல்ஸ் பெர்குசன் என்னும் அமெரிக்க அறிஞர் 1959ஆம் ஆண்டிலே எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், இத்தகைய மொழிநிலையை 'இரட்டை வழக்கு' எனப் பெயரிட்டு விளக்கினார். அவர் காட்டிய நான்கு உதாரணங்களுள் அரபு மொழி ஒன்று. தமிழும் இவ்வாறான மொழியே எனப் பிற்காலத்து மொழியியலார் பலர் எழுதியுள்ளனர். வானொலியிற் செய்தியறிக்கையைக் கேட்டுவிட்டு அடுத்து நாடகத்தைக் கேட்கும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைச் சிவப்பு மையாற் திருத்தும் ஆசிரியர்களுக்கோ இது அன்றாட அனுபவம்.

எகிப்திலே இவ்விரு வழக்குகளுக்கிடையே பல படிகள் உள்ளன என்பதை 1973ஆம் ஆண்டில் அஸ்ஸயித் பதவி என்னும் பேராசிரியர் எடுத்துக்காட்டினார். குர்ஆன் மொழியை ஒட்டிய தூய செவ்வழக்கு முதலாக, எழுத்தறியாதோர் பேசும் வழக்கு ஈறாக ஐந்து படிகளை அவர் வகுத்தார். பேசுவோர் இப்படிகளில் ஏறியும் இறங்கியும் பேசுவர். இதற்கு ஜமால் அப்துல் நாசரின் மேடைப் பேச்சுகளே சிறந்த சான்று. அவர் செவ்வழக்கிலே கம்பீரமாகத் தொடங்குவார். பின்னர், மெல்ல மெல்லப் பேச்சு வழக்கிற்கு இறங்கிக் கூட்டத்தாரோடு சிரித்துப் பேசுவார். முடிவிலே மீண்டும் செவ்வழக்கிற்கு ஏறிவிடுவார். 1956ஆம் ஆண்டு யூலை மாதம் 26ஆந் திகதி அலெக்சாந்திரியாவில் அவர் நிகழ்த்திய உரையிலே, சுயஸ் கால்வாயை வெட்டுவித்த லெசெப்ஸ் என்பாரின் பெயரைப் பலமுறை சொன்னார். அப்பெயரே கால்வாய்க் கம்பெனியின் அலுவலகங்களைக் கைப்பற்றுவதற்குரிய இரகசிய அடையாளச் சொல். வானொலிப் பெட்டியின் அருகே காத்திருந்த அதிகாரிகள் அப்பெயரைக் கேட்டவுடனே புறப்பட்டனர். ஆனால், பொதுமக்கள் அவ்வுரையை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்தால். நாட்டின் அதிபர் தங்கள் தெருவிலே பேசப்படும் மொழியிலே தங்களோடு பேசினார் என்பதே அவர்கள் கண்ட புதுமை.

இவ்வாறு வழக்கு மாறுவதற்குக் காரணம் என்ன? பேசுபவருக்குச் செவ்வழக்கு போதாமையாலா? பழக்கத்தாலா? பஸ்யூனி அம்மையார் தம்முடைய ஆராய்ச்சியில் அரசியல் உரைகள், பள்ளிவாசற் பிரசங்கங்கள், பல்கலைக்கழக விரிவுரைகள் ஆகிய மூன்றையும் எடுத்து ஆராய்ந்தார். அந்நூல் 2006ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. பேசுபவர் தம்மைக் கேட்போருக்கு எந்நிலையில் வைத்துக்கொள்கிறார் என்பதே வழக்கு மாற்றத்தை விளக்கும் என்பது அவர் முடிபு. தந்தையாக அறிவுரை கூறும்போது ஒரு வழக்கு. அறிஞராக வரையறை கூறும்போது மற்றொரு வழக்கு. தோழராகத் தோளிலே கைபோடும்போது வேறொன்று. 2009இல் அரபுச் சமூக மொழியியல் பற்றி அவர் எழுதிய பாடநூல் பல பல்கலைக்கழகங்களிலே படிக்கப்படுகின்றது.

இவ்வாராய்ச்சி எகிப்திலே வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. அங்கே மொழி வழக்குப் பற்றிய வாதம் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருவது. 1893ஆம் ஆண்டில் வில்லியம் வில்கொக்ஸ் என்னும் ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் கைரோவிலே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். எகிப்தியர் புதியன கண்டுபிடியாதிருப்பதற்குச் செவ்வழக்கே காரணம் என்றும், அதனை விட்டுப் பேச்சு வழக்கிலே எழுதவேண்டும் என்றும் அவர் கூறினார். அணைக்கட்டு வல்லுநர் ஒருவர் இலக்கணத்திற்கும் வைத்தியம் சொல்ல வந்ததை எகிப்தியர் விரும்பவில்லை. அந்நிய ஆட்சியாளர் தம் மொழியைப் பிளக்கப் பார்க்கின்றனர் என்றே கொண்டனர். ஆயினும், எழுத்தாளர்களுக்கு இச்சிக்கல் தீரவேயில்லை. குடியானவப் பெண் கதையிலே எம்மொழியிற் பேசுவாள்? முஹம்மத் ஹுஸைன் ஹைக்கல் எழுதி 1913ஆம் ஆண்டளவில் வெளியான 'ஸைனப்' என்னும் நாவலில் உரையாடல் பேச்சு வழக்கிலே அமைந்தது. தாஹா ஹுஸைனும், 1988இலே நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்பூஸும் செவ்வழக்கையே போற்றினர். தௌபீக் அல்ஹகீம் இரண்டுக்கும் பொதுவான மூன்றாம் மொழியொன்றை நாடகத்திலே ஆக்கிப் பார்த்தார். படித்தாற் செவ்வழக்காகவும், நடிகர் வாயிலே பேச்சு வழக்காகவும் தோன்றும் சொற்களைத் தேடித் தேடி அமைத்தார். அது கெட்டிக்காரத்தனமான முயற்சி; ஆனால், பின்பற்றுவார் அதிகம் இலர்.

இந்த வாதங்களையெல்லாம் நன்கறிந்த ஒருவரே நாவல் எழுதவும் தொடங்கினார். 2005ஆம் ஆண்டில் 'கடலின் வாசம்' வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே வந்த 'பிஸ்தா விற்பவன்' என்னும் நாவல், எகிப்திலே வளர்ந்த பெண்ணொருத்தி இங்கிலாந்திலே வளர்ந்த தன் உறவினன்மேற் காதல் கொள்வதைக் கூறுவது. இரத்தத்தால் ஒரு குடும்பம். பேச்சாலும் நடையுடையாலும் இரண்டு உலகங்கள். அது ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. 2007இல் வெளியான 'கலாநிதி ஹனா' நாற்பதாவது வயதை எட்டும் மணமாகாத பேராசிரியை ஒருத்தியின் தனிமையையும் பிடிவாதத்தையும் பற்றியது. பல்கலைக்கழகத்தின் ஊழலையும் சிறுமையையும் உள்ளேயிருந்து கண்டவர் எழுதிய கதை அது. அதற்குச் சாவிரிஸ் நிறுவனத்தின் இலக்கியப் பரிசு கிடைத்தது. இவை நல்ல நாவல்கள். எனினும், இவற்றோடு அவர் நின்றிருந்தால், நாம் இன்று அவரைப் பற்றிப் பேச நேர்ந்திராது என்பது என் கருத்து.

2011ஆம் ஆண்டு யனவரி 25ஆந் திகதி எகிப்திலே மக்கள் கிளர்ச்சி மூண்டது. கைரோவின் தஹ்ரீர் சதுக்கத்திலே இலட்சக்கணக்கானோர் கூடினர். பதினெட்டு நாட்களில் ஜனாதிபதி முபாரக் பதவி துறந்தார். அந்தப் பதினெட்டு நாட்களிலும் அரசாங்கத்தைச் சார்ந்த தொலைக்காட்சி ஒரு பிரசாரத்தை நடத்தியது. சதுக்கத்திலே கூடியிருப்போர் உண்மையான எகிப்தியரல்லர் என்பதே அப்பிரசாரம். அதற்கு அவர்கள் காட்டிய சான்று, அங்கேயுள்ளோரின் பேச்சு. அவர்கள் சரளமாக ஆங்கிலம் பேசுகின்றனர், ஆதலால் அந்நியரின் கையாட்கள் என்றனர். எகிப்தியன் யார் என்பதை நிறுக்கும் தராசாக மொழி வைக்கப்பட்டது. பஸ்யூனி அம்மையார் மறு ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 2014இல் நவீன எகிப்தில் மொழியும் அடையாளமும் என்னும் பொருள்பற்றிப் பெருநூலும் எழுதினார். தேசபக்திப் பாடல்கள், திரைப்படங்கள், செய்தித்தாள்கள் எனப் பலவற்றையும் அதிலே எடுத்து, 'நான் எகிப்தியன்' என்று சொல்லுகின்றவன் எந்த அடையாளங்களைக் கையிலெடுத்துக் காட்டுகின்றான் என்று அவர் ஆராய்ந்தார். ஒருவன் பேசும் வழக்கை வைத்து அவனை நாட்டவனாகச் சேர்க்கலாம், அந்நியனாகத் தள்ளவும் செய்யலாம். சொற்களுக்கு இத்தகைய வலிமை உண்டு என்பதை அறைக்குள்ளிருந்து ஆராய்ந்தவர், அது தம் ஊர்த் தெருவிலே நடப்பதைக் கண்டார்.

இதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், 'அவ்லாதுந் நாஸ்' என்னும் மூன்று பாகங்கொண்ட வரலாற்று நாவல் வெளிவந்தது. ஆராய்ச்சிக்கும் நாவலுக்கும் தொடர்பு உண்டென அவர் எங்கேனும் கூறியிருக்கலாம், கூறாதிருக்கலாம். படிப்போருக்கு அத்தொடர்பு தெளிவாகவே தெரியும். எகிப்தியன் யார் என்ற அதே வினாவை 650 ஆண்டுகள் பின்னே கொண்டுபோய் வைத்து அவர் மீண்டும் கேட்கிறார்.

1250ஆம் ஆண்டு முதல் 1517ஆம் ஆண்டு வரை எகிப்தை ஆண்டவர் மம்லூக்கியர். மம்லூக் என்னும் சொல்லுக்கு உடைமையாக்கப்பட்டவன் என்பது பொருள். கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து கிப்சாக் துருக்கியச் சிறுவர்களையும், பிற்காலத்திலே கோக்கசஸ் மலைநாட்டுச் சேர்க்காசியச் சிறுவர்களையும் வணிகர் விலைக்கு வாங்கிக் கொணர்ந்தனர். கோட்டைப் பாசறைகளிலே அவர்களுக்குச் சமய போதனையும், குதிரையேற்றமும், வில்வித்தையும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி முடிந்ததும் விடுதலை, குதிரை, ஆயுதம். பின்னர்ப் படிப்படியாகப் பதவி. அமீர் ஆவர், வாய்த்தால் சுல்தானும் ஆவர். தம்முள்ளே துருக்கிய மொழியிற் பேசினர். துருக்கியப் பெயர்களையே தாங்கினர். உழுது வரிகொடுத்த எகிப்தியக் குடியானவனுக்கு ஆயுதம் ஏந்தும் உரிமை இருக்கவில்லை. அடிமையாக வந்தவன் ஆண்டான். சுதந்திரனாகப் பிறந்தவன் பணிந்தான். உலக வரலாற்றில் இதுபோன்ற விசித்திரம் சிலவே.

அமீரின் பிள்ளையோ எகிப்திலே சுதந்திரனாகப் பிறந்தவன். விலைக்கு வாங்கப்படாதவன் மம்லூக் ஆதல் இயலாது. ஆதலின், சுல்தான்களின் மைந்தர் சிலர் அரியணை ஏறினரேயன்றி, ஏனைய மைந்தர் பலர்க்குத் தந்தையின் பதவி கிட்டவில்லை. இவர்களையே 'அவ்லாதுந் நாஸ்' என்றனர். 'மக்களின் மைந்தர்' என்பது அதன் பொருள். 'மக்கள்' என்று அங்கே குறிக்கப்பட்டவர் பொதுமக்களல்லர். ஆளும் மம்லூக்கியரே ஆட்கள் எனத் தக்கவர், ஏனையோர் அக்கணக்கிலே இல்லை என்ற செருக்கு அச்சொல்லினுள்ளே மறைந்துள்ளது. இம்மைந்தர்கள் அரபுப் பெயர் தாங்கினர், அரபு பேசினர், படையிலே தாழ்ந்த இடம் பெற்றனர், கல்வியிலும் கலையிலும் தலைநிமிர்ந்தனர். ஒரு தலைமுறையிலே மொழியும் பெயரும் தொழிலும் மாறிவிட்டன. பள்ளிவாசலைக் கட்டிய முஹம்மத் இப்னு பைலிக் இவ்வகையினரே.

அவரைக் கொண்டே பஸ்யூனி அம்மையார் தம் முதற் பாகத்தை அமைத்தார். எகிப்திய வணிகர் ஒருவரின் மகளாகிய ஸைனப் என்பவளை மம்லூக் அமீர் ஒருவர் அவளது விருப்பத்துக்கு மாறாக மணம் முடிக்கிறார். அவள் வெறுக்கிறாள், எதிர்க்கிறாள், பின்னர் அவ்வெறுப்பு வேறு வடிவம் கொள்கின்றது. அவ்விருவரின் மைந்தரே கட்டடக் கலைஞர். வரலாறு நமக்குத் தந்தது ஒரு பெயரை மட்டுமே. அப்பெயரின் அரபுப் பாதிக்கும் துருக்கியப் பாதிக்கும் இடையேயுள்ள வெற்றிடத்திலே ஒரு தாயை நாவலாசிரியை படைத்தார். வரலாற்று நூலிலே பெரும்பாலும் இடம் பெறாதவள் அவள். மைந்தனுக்கு மொழி தந்தவள் அவளாகத்தானே இருத்தல் வேண்டும்! மொழியியல் கற்றவருக்கே தோன்றக்கூடிய கற்பனை இது.

அக்காலத்துப் பின்னணியும் கதைக்கு ஏற்றதே. 1348ஆம் ஆண்டில் கொள்ளைநோய் கைரோவை அழித்தது. வாரிசில்லாதோர் விட்டுச்சென்ற சொத்துகள் அரசுக்குச் சேர்ந்தன. அச்செல்வமே பள்ளிவாசலைக் கட்ட உதவிற்று என்பர். சுல்தான் ஹஸன் சிறுவயதில் அரியணை ஏறியவன். 1351இலே நீக்கப்பட்டு, 1354இலே மீண்டும் ஏற்றப்பட்டான். மம்லூக்கியரை நம்பாத அவன், அவ்லாதுந் நாஸ் பலரை உயர்பதவிகளில் அமர்த்தினான். எகிப்திலே பிறந்தவரை நம்பிய அந்த நம்பிக்கையே அவனுக்கு உலையாயிற்று. 1361இலே பள்ளிவாசலின் மினாரா ஒன்று இடிந்து விழ, கீழேயிருந்த முந்நூறு பேரளவில் மாண்டனர். அவர்களுட் பலர் அநாதைக் குழந்தைகள். நகரத்தார் அதனைத் துர்ச்சகுனம் எனக் கருதினர். சுமார் ஒரு மாதம் கழித்துச் சுல்தான் தன் சொந்த மம்லூக் ஆகிய யல்புகாவினாற் கொல்லப்பட்டான். அவன் உடல் கிடைக்கவேயில்லை. பள்ளிவாசலில் அவனுக்கென அமைக்கப்பெற்ற அடக்கத்தலத்தில் அவன் இல்லை.

நாவலின் இரண்டாம் பாகம் மேல் எகிப்திலே கூஸ் என்னும் ஊரின் நீதிபதியைப் பற்றியது. சட்டம் கற்றவருக்கும் வாளேந்தியவருக்கும் இடையேயுள்ள போராட்டம் அதன் பொருள். மூன்றாம் பாகம் மம்லூக் ஆட்சியின் முடிவைக் கூறுவது. 1517ஆம் ஆண்டிலே உதுமானியத் துருக்கியர் கைரோவைக் கைப்பற்றினர். கடைசிச் சுல்தான் தூமான்பாயை ஸுவைலா வாயிலிலே தூக்கிலிட்டனர். அந்த நாட்களைக் கண்ணாற் கண்டு எழுதியவர் இப்னு இயாஸ் என்னும் வரலாற்றாசிரியர். அவரும் அவ்லாதுந் நாஸ் வகுப்பைச் சேர்ந்தவரே. மம்லூக் குலத்திலே வந்தவர். ஆனால் எகிப்தின் அழிவைத் தம் வீட்டின் அழிவாக எண்ணி அழுதவர். அவருடைய நடையிலே கைரோவின் பேச்சு வழக்குச் சொற்கள் நிறைய விரவியுள்ளன. இலக்கணம் கற்றோர் அதனைக் குறை என்றனர். எனக்கோ அதுவே அவருடைய குடியுரிமைப் பத்திரமாகத் தோன்றுகின்றது.

மம்லூக்கியர் வீழ்ந்தபின்னும் துருக்கிய, சேர்க்காசிய வகுப்பாரின் மேலாண்மை முற்றாக ஒழியவில்லை. குடியானவக் குடும்பத்திற் பிறந்து படையதிகாரியான அஹ்மத் உராபி பாஷா, அவ்வகுப்பாருக்கே உயர்பதவி என்ற முறையை 1881இலே எதிர்த்தெழுந்தார். ஆங்கிலேயர் தலையிட்டு அவரைத் தோற்கடித்து, 1883இலே நம் இலங்கைக்கு நாடுகடத்தினர். கொழும்பிலும் கண்டியிலும் 1901 வரை வாழ்ந்து, முஸ்லிம் மக்களின் கல்வி முயற்சிக்கு ஊக்கமளித்த அவரை நேயர்கள் அறிவர். அவர் நட்பைப் பெற்ற அறிஞர் சித்திலெப்பை 1885இலே எழுதிய 'அசன்பேயுடைய கதை', இந்நாட்டின் முதற்றமிழ் நாவல் எனப் போற்றப்படுவது. அதன் நாயகனும் எகிப்திலே பிறந்து, குழந்தையிலே கடத்தப்பட்டு, அயல்நாட்டிலே வளர்ந்து, தன் பிறப்பை அறிய நேர்ந்தவனே. எகிப்தியன் யார் என்ற வினா தமிழ் நாவலுக்கும் புதியதன்று போலும்.

'அவ்லாதுந் நாஸ்' நாவலுக்கு எகிப்தின் கலாசார உயர் மன்றம் வழங்கும் நஜீப் மஹ்பூஸ் பரிசு கிடைத்தது. ரோஜர் அலன் என்னும் புகழ்பெற்ற அரபு அறிஞர் அதனை ஆங்கிலத்திலே பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 2022இலே வெளியாயிற்று. பின்னர் அம்மையார் இன்னும் பழைய காலத்திற்குச் சென்றார். அஹ்மத் இப்னு தூலூன் 868ஆம் ஆண்டிலே எகிப்துக்கு ஆளுநராக வந்தவர். புகாராவிலிருந்து அனுப்பப்பெற்ற துருக்கிய அடிமை ஒருவரின் மைந்தர். அவர் அல்கதாஇ என்னும் புதுநகரைச் சமைத்து, 876 முதல் 879 வரை பெரும்பள்ளிவாசல் ஒன்றையும் எழுப்பினார். அதற்கு முந்நூறு கற்றூண்கள் தேவை எனவும், அவற்றைப் பழைய தேவாலயங்களிலிருந்து பெயர்த்தே எடுத்தல் வேண்டும் எனவும் கூறினராம். சிறையிலிருந்த கிறித்தவக் கட்டடக் கலைஞர் ஒருவர், தூணின்றியே கட்டித் தருவேன் என்று ஓலை விடுத்து, செங்கற் கால்களை நிறுத்திக் கட்டினார் என்று பழைய வரலாற்றாசிரியர் கூறுவர். கதை மெய்யோ பொய்யோ, செங்கற் கால்கள் மெய். 905ஆம் ஆண்டில் அப்பாஸியப் படை வந்து நகரைத் தரைமட்டமாக்கியது. பள்ளிவாசலை மட்டும் விட்டுவைத்தது. அந்நகரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு பஸ்யூனி அம்மையார் மூன்று பாக நாவலொன்றை எழுதினார்.

அடுத்து வந்தது 'அல்ஹலவானி', 2022இல். ஹலவானி என்றால் மிட்டாய் செய்பவன். மிஸ்ரைக் கட்டியவன் முதலில் மிட்டாய்க்காரனாக இருந்தான் என்று எகிப்தியர் ஒரு பழமொழி சொல்வர். மிஸ்ர் என்பது அவர்கள் நாட்டுக்கும் பெயர், கைரோவுக்கும் பெயர். இந்நாவலின் மூன்று பாகங்களும் மூன்று அந்நியர்களின் பெயரைத் தாங்குவன: சிசிலியர், ஆர்மீனியர், குர்தியர். சிசிலியர் ஜௌஹர். பாத்திமியக் கலீபாவின் தளபதியாக 969இலே எகிப்தை வென்று கைரோவை நிறுவி, அஸ்ஹர் பள்ளிவாசலையும் எழுப்பியவர். ஆர்மீனியர் பத்ர் அல்ஜமாலி. பல்லாண்டுப் பஞ்சத்தால் நாடு சீரழிந்த காலத்திலே கலீபாவின் அழைப்பின்பேரில் வந்து ஒழுங்கை நிலைநாட்டி, இன்றும் கைரோவில் நிற்கும் மூன்று பெருவாயில்களையும் கட்டியவர். குர்தியர் ஸலாஹுத்தீன். 1171இலே பாத்திமிய ஆட்சிக்கு முடிவு கண்டவர். கைரோவைச் சுட்டிக்காட்டி 'எங்கள் நகரம்' என்று பெருமைப்படும் எகிப்தியன், அதன் மதிலையும் வாயிலையும் கோட்டையையும் அந்நியரே எழுப்பினர் என்பதை மறுத்தல் இயலாது. அவர்களை அந்நியர் என்று இன்று எவரும் சொல்வதுமில்லை. இந்நாவலுக்கு 2024ஆம் ஆண்டிலே அபூதாபியின் ஷெய்க் ஸாயித் இலக்கியப் பரிசு வழங்கப்பட்டது.

இவருடைய வரலாற்று நாவல்களிலே குறையில்லை என்று நான் கூறமாட்டேன். அந்நியப் போர்வீரன், அஞ்சாத எகிப்தியப் பெண், வெறுப்பிலே பிறந்து காதலிலே முடியும் உறவு என்னும் அமைப்பு மீண்டும் மீண்டும் வருகின்றது. இரண்டாவது முறை காணும்போது வாசகன் முடிவை முன்கூட்டியே அறிந்துகொள்கிறான். வரியினாலே நசுங்கிய குடியானவனின் வயிறு எத்திருமணத்தாலும் நிரம்பியதில்லை என்பதையும் வரலாறு அறியும். வலிந்து கொண்ட மணத்தைக் காதலாக்கிக் காட்டுவது சில இடங்களிலே மனத்தை நெருடவும் செய்கின்றது. ஆயினும், மன்னர் பட்டியலைப் பாடமாக்கி மறந்துவிட்ட எகிப்திய இளைஞர் பலர் இந்நாவல்களைக் கையிலே பிடித்துக்கொண்டு, பழைய கைரோவின் பள்ளிவாசல்களை நேரிலே காணச் செல்கின்றனர் என்பர். சுல்தான் ஹஸன் பள்ளிவாசலுக்குச் செல்வோர் மன்னனின் வெற்று அடக்கத்தலத்தைப் பார்த்தபின், பைலிக்கின் மைந்தர் பெயர் பொறித்த சாசனம் எங்கே என்றும் கேட்டறியலாம். அது ஹனபி நெறிக்குரிய கல்லூரியிலே உள்ளது.